படிக்க வந்த இடத்தில் ஊழியம்

ஜெர்மனியில் திருச்சபையை விட்டு விலக விரும்பும் ஒருவர் போதகரிடம் சொல்லிவிட்டு வந்தால் போதாது. பெரும்பாலான மாநிலங்களில் அவர் உள்ளூர் நீதிமன்றத்துக்கோ, பிறப்பு இறப்புகளைப் பதியும் அலுவலகத்துக்கோ நேரில் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, பல இடங்களில் 30 யூரோவை ஒட்டிய கட்டணத்தையும் கட்டி, விலகல் அறிவிப்பில் கையெழுத்திட வேண்டும். திருச்சபை வரி என்ற ஏற்பாடு அங்கே இருப்பதே இதற்குக் காரணம். திருச்சபை உறுப்பினராகப் பதிவாகியிருப்பவர் கட்டும் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை அரசே கூடுதலாக வசூலித்துத் திருச்சபைக்குக் கொடுத்துவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 5,20,000-க்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து இப்படிக் கையெழுத்திட்டு வெளியேறினார்கள். புராட்டஸ்டண்டு திருச்சபைகளிலிருந்து வெளியேறியவர்கள் ஏறத்தாழ 3,80,000 பேர். இவ்விரு பெரும் திருச்சபைகளின் உறுப்பினர்களையும் கூட்டிப் பார்த்தாலும் நாட்டு மக்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை என்ற நிலையும் அந்த ஆண்டுகளில்தான் வந்து சேர்ந்தது.

இது நாடு முழுவதற்குமான கணக்கு. கிழக்குப் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் நிலைமை இதைவிட வெகுதூரம் போயிருக்கிறது. 1949-இல் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தபோது அங்கே பத்தில் ஒன்பது பேர் ஏதேனும் ஒரு திருச்சபையில் இருந்தார்கள். அந்த ஆட்சி 1989-இல் ஆட்டம் கண்டபோது பத்தில் மூன்று பேர் அளவிலேயே எஞ்சியிருந்தார்கள். பதினான்கு வயதில் பிள்ளைகள் பெறும் திடப்படுத்தல் என்னும் திருச்சபைச் சடங்குக்குப் போட்டியாக, 1950-களின் நடுவில் அரசு தன் பங்குக்கு ஓர் இளைஞர் உறுதியேற்பு விழாவை முன்னிறுத்தியது. அதைப் புறக்கணித்துத் திருச்சபையோடு நின்ற பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைப்பது அரிதாயிற்று. பெற்றோர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்; இரண்டு தலைமுறைக்குள் வழக்கம் மாறிவிட்டது. ஆட்சி போய்ப் பல ஆண்டுகள் ஆன பின்னும், 2008-இல் எடுக்கப்பட்ட பன்னாட்டுக் கருத்துக்கணிப்பில் கடவுள் இல்லை என்று சொன்னவர்களின் பங்கு கிழக்கு ஜெர்மனியில் 52 விழுக்காடாக இருந்தது. கணக்கெடுக்கப்பட்ட பகுதிகளில் அதுவே மிக அதிகம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலப்பகுதி முற்றிலும் அயலானது அன்று. தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று, இருபத்து நான்கு வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, கிழக்கு ஜெர்மனியிலுள்ள ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றவர். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றிய அவரது பணியை ஹாலே நகரத்து பிராங்கே அறநிலையம் தொடர்ந்து தாங்கி நின்றது, தமிழ் ஓலைச்சுவடிகளை அதன் காப்பகம் இன்றும் பாதுகாத்து வருகிறது. அந்த ஹாலேயும், மார்ட்டின் லூதர் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய விட்டன்பர்க்கும் அடங்கிய சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம், இன்று உலகில் சமயப் பற்று மிகக் குறைந்த இடங்களுள் ஒன்று. மறைப்பணியாளர்கள் புறப்பட்டுச் சென்ற நாட்டுக்கே மறைப்பணியாளர்கள் வந்து சேரும் இந்தப் போக்கை ஆய்வாளர்கள் தலைகீழ் மறைப்பணி என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்கு வருவோர் பலர் இப்படி எண்ணியே வருகிறார்கள் என்றாலும், மாணவர் என்ற நிலையையே ஊழியத்துக்கு வழியாக்கிக் கொண்டவர்கள் என்று பார்த்தால் தென்கொரியர்களின் வரலாறு தனித்து நிற்கிறது.

அந்த வரலாறு பல்கலைக்கழக வகுப்பறையில் தொடங்கவில்லை. மருத்துவமனை வார்டில் தொடங்கியது. மேற்கு ஜெர்மனிக்கு ஆள் பற்றாக்குறை, தென்கொரியாவுக்கு அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை என்றிருந்த காலத்தில், 1963 முதல் ஏறத்தாழ 8,000 கொரியச் சுரங்கத் தொழிலாளர்களும், 1966 முதல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களும் ஒப்பந்த அடிப்படையில் அங்கே சென்றார்கள். இதற்குச் சற்று முன்னர், 1961-இல், குவாங்ஜு நகரில் சாமுவேல் லீ என்ற கொரியப் போதகரும் சாரா பாரி என்ற அமெரிக்க மிஷனரியும் சேர்ந்து மாணவர்களிடையே வேதபாட இயக்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். யுனிவர்சிட்டி பைபிள் ஃபெல்லோஷிப் என்ற பெயரில் அது வளர்ந்தது. அதன் உறுப்பினர்களான செவிலியர்கள் 1969 முதல் ஜெர்மனிக்குப் போனபோது, நோயாளிகளைக் கவனித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஓய்வு நேரத்தில் வேதம் கற்பிப்பவர்களாகவும் போனார்கள். பின்னர் பட்டப்படிப்புக்கும் ஆய்வுக்கும் வந்த மாணவர்கள் அதே வழியைப் பின்பற்றினார்கள்.

இத்தகையவர்களைத் தன்னுழைப்பு மிஷனரிகள் என்று சொல்லலாம். கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்துக்கொண்டே நற்செய்தி அறிவித்த பவுல் அப்போஸ்தலரை இவர்கள் தங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். ஆனால் இது விவிலியத்தைப் பார்த்து மட்டும் எழுந்த முறையன்று. தென்கொரியர்கள் தடையின்றி வெளிநாடு செல்லும் உரிமையை 1989-இல்தான் பெற்றார்கள். அதுவரை பாஸ்போர்ட் கிடைப்பதற்கே வேலையோ படிப்போ காரணமாகக் காட்டப்பட வேண்டியிருந்தது, சம்பளம் கொடுத்து ஊழியர்களை வெளிநாட்டில் வைத்திருக்கும் வசதி அன்றைய கொரியத் திருச்சபைகள் பலவற்றுக்கு இல்லை. வறுமையும் சட்டமும் சேர்ந்து உருவாக்கிய முறை, பிற்காலத்தில் கொள்கையாகவே நிலைத்துவிட்டது என்று சொல்வதே பொருத்தம்.

ஊழியம் நடக்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் அதில் பிரசங்கத்தின் பங்கு குறைவு. மாணவர் உணவகத்தில் தட்டோடு தனியே உட்கார்ந்திருக்கும் புதியவரிடம் பேச்சுக் கொடுப்பது, அவருடைய மொழியைக் கற்க விரும்புவதாகச் சொல்லிப் பழகுவது, பிறகு வாரம் ஒருமுறை நேருக்கு நேர் அமர்ந்து, கேள்வித்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு ஆதியாகமத்தையோ யோவான் சுவிசேஷத்தையோ அதிகாரம் அதிகாரமாகப் படிப்பது என்று அது நகர்கிறது. படித்த பகுதி தன் வாழ்வோடு எங்கே பொருந்துகிறது என்பதைப் பக்கக்கணக்கில் எழுதி, குழுவின் முன் வாசிக்கும் வழக்கமும் இந்தக் கொரிய இயக்கத்தில் உண்டு. சொந்தப் படிப்பும் பகுதிநேர வேலையும் போக மிஞ்சும் நேரத்தில் இவ்வளவும் நடந்தாக வேண்டும். மாணவர் விசா பெற்றவர் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. 2024 முதல் அது 140 முழு நாட்கள். நண்பரிடம் வேதம் பேசுவதற்கு அப்படி வரம்பு ஏதும் இல்லை, சமய நம்பிக்கையை வெளிப்படுத்தும் உரிமையை நாட்டின் அடிப்படைச் சட்டத்தின் நான்காம் பிரிவு அயல்நாட்டவருக்கும் சேர்த்தே உறுதி செய்கிறது.

இந்த நெருக்கமே குறைகூறலுக்கும் இடம் கொடுத்தது. கற்பிப்பவரை மேய்ப்பர் என்றும் கற்பவரை ஆடு என்றும், வளாகத்தில் ஆள் தேடுவதை மீன்பிடித்தல் என்றும் குறிப்பிடும் வழக்கம் விவிலிய உருவகங்களிலிருந்து வந்ததுதான். ஆனால் மேய்ப்பரின் சொல் படிப்பு, வேலை, திருமணம் வரை நீண்டது என்று முன்னாள் உறுப்பினர்கள் பல நாடுகளில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தம் கோரிய ஒரு பிரிவினர் வெளியேறித் தனி அமைப்பும் கண்டார்கள். கொரியச் சமூகத்தில் மூத்தவர் சொல்லுக்கு இளையவர் கட்டுப்படுவது இயல்பாகக் கருதப்படலாம். தன் முடிவைத் தானே எடுப்பதையே வளர்ச்சி என்று கற்று வந்த ஜெர்மானிய மாணவருக்கு அது வேறுவிதமாகப் பட்டதில் வியப்பில்லை. குற்றச்சாட்டுக்கு ஆளாகாத குழுக்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. நட்பு பாராட்டி வருபவர் உள்நோக்கத்தோடுதான் வந்தார் என்று பின்னர் தெரியவரும்போது, அந்த நட்பின் மதிப்பு என்ன என்ற கேள்வியை எந்த ஊழியரும் தவிர்க்க முடிவதில்லை.

வந்தவர்கள் ஜெர்மானியரை எண்ணி வந்தார்கள்; செவிசாய்த்தவர்களில் பெரும்பகுதியினர் வேறு நாட்டவர். பிரிட்டிஷ் சமூகவியலாளர் பால் ஃப்ரெஸ்டன் 2010-இல் எழுதிய கட்டுரையில் தலைகீழ் மறைப்பணி என்ற பேச்சு நடப்பைவிட முந்திச் செல்கிறதோ என்று ஐயம் எழுப்பியது இங்கே நினைக்கத்தக்கது. ஜெர்மானிய இளைஞர், குறிப்பாகக் கிழக்குப் பகுதியினர், எதிர்ப்பதில்லை. எதிர்ப்பவரிடமாவது வாதிட முடியும். கடவுள் என்ற கேள்வியே எழாத வீட்டில் வளர்ந்தவருக்குப் பாவம், மீட்பு என்ற சொற்கள் எந்தத் தேவைக்கும் விடையாக ஒலிப்பதில்லை, மரியாதையோடு கேட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுகிறார். புதிதாக வந்த சீன மாணவரின் நிலை வேறு: அறை கிடைக்கவில்லை, குறித்த நாட்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், மருத்துவக் காப்பீட்டுப் படிவம் புரியவில்லை, பண்டிகை விடுமுறையில் விடுதியே வெறிச்சோடிவிடுகிறது. அந்த நேரத்தில் சோறு சமைத்துக் கூப்பிடுகிறவர் சொல்வதற்குக் காது கிடைக்கிறது. ஜெர்மனியில் படிக்கும் அயல்நாட்டு மாணவர்களில் இந்தியரே இப்போது முதலிடத்தில் இருப்பதால், இத்தகைய அழைப்புகள் தமிழ் மாணவர்களையும் எட்டுவது இயல்பே. பசியையும் தனிமையையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. அந்தப் பசியைப் பல்கலைக்கழகமே கவனிக்காதபோது யாரைப் பழிப்பது என்பதும் நியாயமான கேள்விதான்.

உள்ளூர்த் திருச்சபைகள் இந்த ஊழியர்களை எதிர்கொள்வதில் ஒருவிதக் கூச்சம் தெரிகிறது. காலனியாதிக்கக் காலத்து நினைவுகளால் மறைப்பணி என்ற எண்ணமே ஜெர்மானியப் போதகர்கள் பலருக்கு உறுத்தலாகிவிட்டது, உரையாடல் என்பதையே அவர்கள் விரும்புகிறார்கள். ஞாயிறு காலையில் பாதி காலியாக இருக்கும் ஆலயத்தைப் பிற்பகலில் அயல்நாட்டுச் சபைக்கு வாடகைக்கு விடுவதோடு உறவு பல ஊர்களில் நின்றுவிடுகிறது. கொரியர்கள் ஏராளமாகப் பயிலும் இசைக் கல்லூரிகள் உள்ள நகரங்களில் மட்டும், பயிற்சி பெற்ற கொரியப் பாடகர்களும் ஆர்கன் வாசிப்பவர்களும் உள்ளூர் வழிபாட்டுக்குள்ளேயே இடம் பெறுகிறார்கள்.

படிப்பு முடிந்தவுடன் ஊழியமும் முடிவதில்லை. பட்டம் பெற்ற அயல்நாட்டவர் வேலை தேடுவதற்கு 18 மாதங்கள் வரை தங்கியிருக்கச் சட்டம் இடம் தருகிறது. வேலை கிடைத்தால் குடும்பமாகிறார்கள், மாணவ மிஷனரி பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆகி அதே ஊரில் வேரூன்றுகிறார். அவருடைய பிள்ளைகள் ஜெர்மானியப் பள்ளியில், சமயமே பேச்சில் வராத நண்பர்களோடு வளர்கிறார்கள். ஞாயிறு பிற்பகல் கொரிய மொழி வழிபாடு அவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. அதனால் சபைகள் பலவற்றில் இப்போது ஜெர்மன் மொழியிலேயே தனிக் கூட்டம் நடத்தப்படுகிறது. அதில் முன்வரிசையில் உட்கார வைக்கப்படுவது வெளியிலிருந்து வந்த மாணவர் அல்லர், ஊழியர்களின் சொந்தப் பிள்ளைகளே.