கலைக்கு வரும் பொருளும் அது வரும் வழியும்

கலை வளரப் பொருள் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அப்பொருள் எவ்வழியாக வருகிறது, யார் கைக்கு எட்டுகிறது என்பதை நாம் அத்துணை உற்று நோக்குவதில்லை. மடை மாறினால் நீர் பாயும் வயலும் மாறும். வயல் மாறினால் விளைவும் மாறும். கலைத்துறையிலும் நிகழ்வது இதுவே.

விடுதலைக்கு முன்னர் மைசூர், பரோடா, குவாலியர், திருவாங்கூர் முதலிய சமஸ்தானங்கள் வித்துவான்களைப் பேணி வந்தன. அரசவையை அணுக இயன்றவர்க்கு வாழ்வு கிட்டிற்று; ஏனையோர் கோயிலையும் ஊராரையும் நம்பி வாழ்ந்தனர். பின்னர்ச் சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. 1971-ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தத்தால் மன்னர் மானியமும் முடிவுற்றது.

இதற்கு முன்பே வேறு மடைகள் திறக்கப்பட்டிருந்தன. 1953-இல் சங்கீத நாடக அகாதெமியும், 1954-இல் சாகித்திய அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் தோன்றின. வானொலியில் 1952-இல் தேர்வு முறை வந்தது. அரசவைத் தொடர்பு இல்லாதவரும் தேர்வில் தேறித் தரம் பெற்று, சன்மானம் பெறலாயினர். இது பெரும் நன்மையே. ஆனால் விடிய விடிய ஆடும் தெருக்கூத்தும் யட்சகானமும் அரை மணி நேர நிகழ்ச்சிக்குள் அடங்குவன அல்ல. 1985, 86-ஆம் ஆண்டுகளில் தஞ்சாவூர் உட்பட ஏழு இடங்களில் மண்டலப் பண்பாட்டு மையங்கள் நிறுவப்பட்ட பின்னர், நாட்டுப்புறக் கலைகளுக்கும் அரசின் ஆதரவு ஓரளவு கூடியது.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் மற்றொரு மடையைத் திறந்தது. பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மரபுக் கலைகளும் அப்பணிகளுள் அடங்கும். எனினும் தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறு அதே சட்டம் கூறுகிறது. ஆதலின் தொழிற்சாலை இல்லாத ஊரின் கலைஞருக்கு இந்நீர் எளிதில் எட்டுவதில்லை.

இன்று மானியம் பெறப் பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியன வேண்டும். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறையே. ஆனால் மத்திய அரசின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றன. கூத்து வாத்தியார் தம் கலையில் வல்லவர். இத்தாள்களில் வல்லவர் அல்லர். மானியம் அவருக்குக் கிட்டாதபோது இழப்பு அவரோடு நிற்பதில்லை. பயிலும் சிறுவன் வேறு தொழில் தேடிச் செல்கிறான். மத்தளம் செய்பவருக்கு வேலை குறைகிறது. திருவிழாவுக்கு ஆட்டம் வைக்க ஊரார்க்கு ஆள் அகப்படுவதில்லை. ஒரு தலைமுறை கழிந்தால், கேட்டுச் சுவைக்கத் தெரிந்தவரும் அருகிவிடுவர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. மும்பையில் 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபாவைப் போல, நாம் குடியேறிய நகரங்களில் எல்லாம் சபாக்களை வளர்த்துள்ளோம். நாம் யாரை மேடைக்கு அழைக்கிறோமோ அவருக்கே நம் சந்தாப் பணம் சேர்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகழ் எட்டாத ஒரு குழுவை அழைப்போமாக. நம்முள் கோப்பும் கணக்கும் அறிந்தோர் பலர் உளர். அவ்வாறு வரும் குழுவினரோடு ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பின், அதுவும் கலைத்தொண்டே ஆகும்.