எச்சரிக்கை விளக்கும் குறியீடு படிக்கும் கருவியும்

பாறசாலையைக் கடந்து செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கேஎல் 19, கேஎல் 20 என்னும் எண்பலகை தாங்கிய வண்டிகளும், களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வரும் டிஎன் 75 வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். பள்ளிக் குழந்தைகளை ஏற்றும் வேன்களும், வாடகைக் கார்களும், கள அலுவலர்களின் ஜீப்புகளும் அவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்றில் எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரிந்து அணையாது நிற்குமாயின், அதன் பொருளை அறிய இப்போது எல்லோரும் நாடுவது ‘ஸ்கேனர்’ எனப்படும் சிறு கருவியையே. சில நூறு ரூபாய்க்கும் அது கிடைக்கிறது. ஆயினும் அது சொல்லுவது எது, சொல்லாதது எது என்று அறியாமல் வாங்கியவர்கள், கருவியின் விலையைப் போலப் பன்மடங்கு பணத்தைத் தேவையற்ற உதிரிப் பாகங்களில் இழக்க நேர்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் அழுத்தம், எஞ்சின் வெப்பம், பிரேக் ஆகியவற்றைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்கேனரைத் தேடலாகாது. வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைப்பதே செய்யத்தக்கது. மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தாலும் அவ்வாறே. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் பற்றாமல் வெளியேறிப் புகைப்போக்கியிலுள்ள வினையூக்கிக் கலத்தைச் சுட்டெரிக்கின்றது என்பது அதன் பொருள். நிலையாக எரியும் மஞ்சள் விளக்குக்கே ஸ்கேனர் உதவும்.

இவ்விளக்கு புகைக் கட்டுப்பாட்டின் பொருட்டுத் தோன்றியதாகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து இதனைக் கட்டாயமாக்கிற்று. 1996-இல் அந்நாடு முழுவதும் ஒரே வகையான 16 முனைச் செருகுவாயும் ஒரே குறியீட்டு முறையும் நடைமுறைக்கு வந்தன. இம்முறையையே ‘ஓபிடி 2’ என்பர். இந்தியாவில் 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுடன் இதன் முதற்படியும், 2013-இல் இரண்டாம் படியும் வந்தன. அவ்விதிகள் 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் பரவின. ஆதலின் பழைய வண்டி வைத்திருப்போர் ஒன்றை நினைவிற்கொள்க: ஸ்டியரிங்கின் கீழே 16 முனைச் செருகுவாய் இருப்பதனாலேயே அவ்வண்டி பொதுக் குறியீட்டில் பேசும் என்று கொள்ளுதல் தவறாகும். தயாரிப்பாளரின் சொந்த மொழியில் மட்டுமே பேசும் வண்டிகளும் உண்டு.

குறியீடு ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. எஞ்சினுக்கு ஒன்று, உடற்கூட்டிற்கு ஒன்று, சக்கரம் பிரேக் முதலியவற்றிற்கு ஒன்று, உள்தொடர்புக்கு ஒன்று என எழுத்துகள் நான்கு. இவற்றுள் முதலிரண்டையும் தமிழில் ‘பி’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. மலையாளத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆகவே எல்லைக்கு அப்பால் எழுதிய சீட்டில் தெளிவாக உள்ளது இப்பால் மயங்கக் கூடும். ஆங்கில எழுத்திலேயே குறித்துக்கொள்வது நன்று. எழுத்தை அடுத்த இலக்கம் பெரும்பாலும் 0 ஆயின் எல்லா வண்டிகளுக்கும் பொது. 1 ஆயின் தயாரிப்பாளருக்கே உரியது.

குறியீடு பழுதான பாகத்தின் பெயரன்று. அஃது ஒரு முறையீடு மட்டுமே. எடுத்துக்காட்டாக எஞ்சின் வகையில் 0171 என்பது, கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது என்னும் பொருளுடையது. இதனைக் கண்டறிந்து சொன்னது புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார். செய்தி கொணர்ந்த அந்தச் சென்சாரையே குற்றவாளியாக்கிப் புதிது மாற்றுவது பல பட்டறைகளில் காணும் வழக்கம். விளக்கு சில நாள் அணைந்திருந்து மீண்டும் எரியும். உண்மையில் காற்றுக்குழாயில் விரிசல் இருக்கலாம், எலி கடித்திருக்கலாம், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறியவும் அதே ஸ்கேனர் பயன்படும். எஞ்சின் கணிப்பான் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது நூற்று விகிதமாகக் கருவியில் தெரியும். பொதுவாக அது பத்துக்குள் இருக்கும். வண்டி நின்று ஓடுகையில் 20, 25 எனக் கூடியிருந்து, நிமிடத்திற்கு 2500 சுற்றில் குறைந்துவிடுமாயின், எங்கோ காற்றுக் கசிவு உள்ளது எனலாம். மாறாக, ஏற்றத்தில் பளு கூடக் கூட எண்ணும் ஏறுமாயின் பெட்ரோல் வரத்தை ஆராய வேண்டும்.

0301 என்னும் குறியீடு முதல் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் காட்டும். சிலிண்டர் ஒவ்வொன்றிற்கும் தனிக் காயில் உள்ள வண்டியாயின், அதன் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தால் போதும். குறியீடு 0302 ஆகிவிட்டால் குற்றம் காயிலினுடையது. காசு செலவில்லாத சோதனை இது.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் இவ்வெல்லைப் பகுதியில், பாகத்தை மாற்றுமுன் கம்பி இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். பச்சை பிடித்த ஒரு முனை, பல ஆயிரம் ரூபாய்ச் சென்சாரைக் கெட்டது போலக் காட்டும்.

கருவியைத் தெரிவு செய்வதில் வேலைக்கேற்ற அளவே வேண்டும். திரையுடன் கூடிய கம்பி வகை எந்தக் கைப்பேசியையும் நம்பியிராது. பலர் கைமாறும் அலுவலக வண்டிக்கு அதுவே ஏற்றது. புளூடூத் வகை மலிவு. ஆயினும் பழைய புளூடூத் முறையுடையது ஐபோனுடன் சேராது, மிக மலிவான போலிகள் சில வண்டிகளுடன் பேசவும் மாட்டா. இவ்விரு வகையிலும் விலை குறைந்தவை எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பிரேக், காற்றுப்பை ஆகியவற்றின் விளக்குக்கு அவற்றைப் படிக்கும் வகை வேண்டும். அதன் விலை மிகுதி. பள்ளி வேனுக்கு ஒன்று வாங்குவோர் ஏபிஎஸ் படிப்பதா என்று கேட்டே வாங்க வேண்டும். வாங்குமுன் தம் வண்டியிலேயே செருகிப் பார்ப்பது எல்லாவற்றினும் மேல். செருகுவாயின் 16-ஆம் முனையில் மின்சாரம் எப்போதும் உண்டு; கருவியை அதிலேயே விட்டுவைத்தால் நாளடைவில் பாட்டரி தளரும்.

விளக்கு எரிந்தவுடன் ‘அழி’ என்னும் பொத்தானை அழுத்துவது பெருந்தவறு. பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சின் வெப்பம், வேகம், பளு எவ்வளவு என்று வண்டி பதிந்துவைத்த குறிப்பும் அத்துடன் அழிந்துவிடும். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்த கணக்குகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும். எல்லாவற்றையும் ஏட்டில் எழுதிக்கொண்ட பின்னரே அழிக்கலாம். அழிக்காமலே விட்டாலும், பழுது நீங்கியிருப்பின் அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் குறையின்றேல் விளக்கு தானே அணையும்.

ஆசிரியர்களுக்கு இக்கருவி வகுப்பறைத் துணையாகவும் அமையும். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, குளிர்நீரின் வெப்பத்தையும் உட்செல்லும் காற்றின் வெப்பத்தையும் மாணவர் படிக்கட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, முற்றத்து வெப்பமானியை ஒத்திருக்கும். பாறசாலை வெயிலிலும் சுழிக்குக் கீழ் 40 டிகிரி என்று ஒன்று காட்டுமாயின், அந்தச் சென்சாரின் கம்பி எங்கோ அறுந்துள்ளது என்று மாணவரே சொல்லிவிடுவர்.