கிழ லாரி மேடு ஏறியது!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் லாரி இல்லை. இருந்திருந்தால், "பழைய லாரியை வைத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் கட்டாயம் சேர்த்திருப்பார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உத்திரமேரூரில் நான் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப ஆரம்பித்தேன். மணல் வந்தது, சிமெண்ட் வந்தது, கொத்தனார் கூட வந்துவிட்டார். ஜல்லி மட்டும் வரவில்லை. காரணம், ஜல்லி கொண்டு வரவேண்டிய லாரி குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே ஏறவில்லை!

எங்கள் சுற்று வட்டாரத்தில் கல் குவாரிகள் உண்டு. பாறையை வெட்ட வெட்டப் பள்ளம் ஆழமாகிக் கொண்டே போகும்; பாதையும் செங்குத்தாகிக் கொண்டே போகும். அந்தப் பாதையில்தான் அன்று அந்தச் சம்பவம் நடந்தது. பாரத்துடன் பாதி மேடு ஏறிய லாரி, "இனி என்னால் ஆகாது" என்பது போல் ஒரு தடவை இருமி நின்றது. பிரேக்கை மிதித்தும் மெள்ளப் பின்னுக்கு நகர ஆரம்பித்தது. கிளீனர் பையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்தின் கீழே கல்லைக் கொடுத்தான். வண்டி நின்றது. பையனுடைய கைக்கும் டயருக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் இருந்தது. அவ்வளவுதான்!

அன்று மாலை லாரிக்காரர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டியில் 'புல்லிங்' இல்லைங்க. பம்பு ஸ்குருவைத் திறந்து விட்டால் சரியாகிடும்னு ஒருத்தர் சொன்னார், திறந்து பார்த்தாச்சு. டர்போ மாட்டிடுங்கன்னு இன்னொருத்தர் சொல்கிறார். வீட்டிலே இருக்கிற நகையை வைத்தால்தான் முடியும்" என்றார்.

"நகையை வைப்பதற்கு முன்னால் மேஸ்திரியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். மறுநாள் காலை இருவருமாக மேஸ்திரியிடம் போனோம்.

குதிரையும் உழவு மாடும்

மேஸ்திரிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன அல்லவா? கி.பி. 921-ம் வருஷத்துக் கல்வெட்டின்படி, குடவோலையில் பெயர் எழுத 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உள்ளும் இருக்க வேண்டும். ஆகவே சோழர் காலமாயிருந்தால் மேஸ்திரி ஏரி வாரியத்துக்கு நிற்க முடியாது. நல்ல வேளையாக லாரி ரிப்பேருக்கு அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை.

விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, ரேஸ் குதிரைக்கும் பலம் உண்டு, உழவு மாட்டுக்கும் பலம் உண்டு. குதிரை ஓடும், சேற்றில் ஏர் இழுக்காது. நமக்கு வேண்டியது மாட்டுப் பலம்."

இதைவிடத் தெளிவாக ஒரு பேராசிரியராலும் சொல்ல முடியாது. எஞ்சினில் குதிரைச் சக்தி என்பது ஒன்று. சக்கரத்தைத் திருகும் முறுக்கு விசை என்பது வேறொன்று. முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தோடு பெருக்கினால்தான் குதிரைச் சக்தி. மேடு ஏறும்போது வேகம் குறைவு. ஆகவே அந்தக் குறைந்த சுழற்சியில் திருகும் பலம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. லாரிக்காரர்கள் 'புல்லிங்' என்று சொல்வது இதைத்தான்.

ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வம்சமே மாட்டு வம்சந்தான். அதில் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலையும், ஜாம்ஷெட்பூரில் 1954-லிருந்து லாரி செய்த டாட்டாவும் நம் நாட்டுச் சாலைகளுக்குத் தந்தவை இந்த ஜாதி எஞ்சின்கள். டாட்டாவின் 697 என்ற பெயரைப் பாருங்கள்: 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லி மீட்டர் அகலம். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது! இப்படிப்பட்ட எஞ்சின்கள் மெதுவாகச் சுழலும்போதே நன்றாக இழுக்கும். இழுக்கவில்லை என்றால் பலம் பிறவியிலேயே இல்லை என்று அர்த்தமல்ல. எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

"தொலைத்ததைத் தேடாமல் புதிதாக வாங்குகிறேன் என்கிறாயே!" என்றார் மேஸ்திரி.

காசில்லாத வைத்தியம்

முதலில் அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. லாரியை நாலு மைல் ஓட்டிவரச் சொன்னார். வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வலது பின்சக்கரத்தின் டிரம் மட்டும் கொதித்தது. பிரேக் ஷூ விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது! எஞ்சின் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் இன்னொரு பக்கம் இழுக்க, டீசல் நடுவில் கரைந்து கொண்டிருந்தது.

அடுத்தது டயர்க் காற்று. காற்றுக் குறைந்த டயர், சேற்றில் நடக்கும் கால் மாதிரி. அதற்கும் அடுத்தது, ஆக்ஸிலேட்டர் பெடலைத் தரையோடு அழுத்தினால் பம்பின் லிவர் கடைசிவரை போகிறதா என்பது. போயிற்று. எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுக்கத் திறக்கிறதா? திறந்தது. கிளச்சு வழுக்குகிறதா? எஞ்சின் சப்தம் ஏறியும் வண்டி ஏறாவிட்டால்தான் கிளச்சின் மீது குற்றம். இங்கே எஞ்சினும் சேர்ந்தே அமுங்கியது; ஆகவே கிளச்சு நிரபராதி.

"புகை என்ன நிறம்?" என்று கேட்டார்.

"காலையிலே கன்னங்கரேல்னு வருதுங்க. மத்தியானத்துக்கு மேலே புகையே இல்லை; இழுவையும் இல்லை."

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் வியாதி ஒன்றில்லை, இரண்டு!"

டீசல் வண்டிக்குப் புகைதான் நாடி. கறுப்புப் புகை என்றால் எண்ணெய் அதிகம், அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை என்றால் மசகு எண்ணெய் எரிகிறது. ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால், எண்ணெய் எரியாமலே வெளியே வருகிறது. டைமிங்கையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் பலம் மட்டும் போனால், எஞ்சினுக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை.

ஏர் கிளீனரைக் கழற்றினார்கள். உள்ளே கிரஷர் தூசி, களிம்பு போல் அப்பிக் கிடந்தது. ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கிலோ டீசல் முழுக்க எரியச் சுமார் பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று! மூக்கை அடைத்துவிட்டு ஓடு என்றால் யார்தான் ஓடுவார்கள்? கறுப்புப் புகைக்கு இது ஒரு காரணம். திறந்துவிட்ட பம்பு ஸ்குரு மற்றொரு காரணம்.

இரண்டாவது வியாதி டீசல் டாங்க்கின் மூடியில் இருந்தது. மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியில் உள்ள சிறு துவாரத்தைத் தூசி அடைத்துவிட்டது. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்றுப் புகவேண்டும். புகாவிட்டால் டாங்க்கில் வெறுமை ஏற்பட்டு எண்ணெய் வர மறுக்கும். காலையில் நன்றாக வந்து, மத்தியானம் மக்கர் செய்ததன் ரகசியம் இதுதான். ஓர் ஊசி, அரை நிமிஷம், வைத்தியம் முடிந்தது!

காசுள்ள வைத்தியம்

அதன் பிறகுதான் செலவு. டீசல் ஃபில்டர் மாற்றினார்கள். டேப்பட் இடைவெளியைக் கம்பெனிப் புத்தகத்தில் சொன்னபடி வைத்தார்கள். ஆறு நாசில்களையும் கழற்றிச் சோதித்ததில் இரண்டு, பனிபோல் தூவ வேண்டிய எண்ணெயை ஒழுகும் குழாய் போல் சொட்டின. அவற்றுக்குப் புது மூக்குப் போட்டார்கள். பம்பை இறக்கிக் காலிபரேஷன் செய்யும் கடைக்கு அனுப்பினார்கள். 1951-ல் பெங்களூரில் பாஷ் கம்பெனியின் கூட்டுறவோடு பிறந்தது 'மைக்கோ'. கம்பெனியின் பெயர் மாறிவிட்ட பின்னும் நம் ஊரில் அது 'மைக்கோ பம்பு'தான்! கடையில் ஆறு சிலிண்டருக்கும் சமமாக எண்ணெய் போகும்படி அளந்து, ஸ்குருவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சீல் வைத்தார்கள்.

"ஸ்குருவைத் திறந்தால் பலம் வராதா?" என்று நான் கேட்டேன்.

"காற்று இருக்கிற அளவுக்குத்தான் எண்ணெய் எரியும். மிச்சம் புகை, சூடு. ஹெட்டும் பிஸ்டனும் காலி" என்றார். அதோடு, பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்திய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று புகைக்கு வரம்பு இருக்கிறது. சான்றிதழ் கொடுக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டாலும், சாலையோரத்தில் நடக்கும் குழந்தைகளின் நுரையீரல் கண்ணை மூடிக்கொள்ளாது.

சரி, டர்போ? ஆல்ஃப்ரெட் புக்கி என்ற ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் 1905-ல் காப்புரிமை பெற்ற அருமையான யோசனை அது. வெளியே போகும் புகையின் வேகத்தைக்கொண்டே காற்றை உள்ளே திணிப்பது. ஆனால் மெதுவாகச் சுழலும்போது புகையின் வேகமே குறைவு. எந்த இடத்தில் நமக்குப் பலம் வேண்டுமோ, அந்த இடத்தில் அது இன்னும் கொட்டாவி விட்டுக் கொண்டிருக்கும்! தவிர, டர்போவுக்காகச் செய்யாத எஞ்சினில் அதை மாட்டினால் பிஸ்டன், கேஸ்கட், பம்பு எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

கிரவுன், பினியன் மாற்றுவது ஒன்றுதான் நியாயமான வழி. 41 பல் கிரவுனுக்கு 7 பல் பினியன் இருக்கும் இடத்தில் 6 பல் ஜோடியைப் போட்டால், சக்கரத்தின் இழுவை ஆறில் ஒரு பங்கு கூடும். ஆனால் அதே எஞ்சின் சுழற்சியில் முன்பு 60 கிலோ மீட்டர் ஓடிய வண்டி இனி 51-தான் ஓடும். குவாரிக்கும் கிரஷருக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு லாபம். சென்னைக்கு ஓடுகிற வண்டிக்கு நஷ்டம். எந்த மாற்றத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.ஸி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது.

கடைசி மருந்து

எல்லாம் முடிந்து லாரிக்காரர் புறப்பட எழுந்தார். மேஸ்திரி, "கொஞ்சம் உட்கார். எத்தனை யூனிட் ஏற்றுகிறாய்?" என்று கேட்டார்.

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "மூணு..."

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஜல்லியில் நாலு டன்னுக்கு மேல். மூன்று யூனிட் என்றால் பன்னிரண்டு டன்னுக்கு மேல்! வண்டியின் எடையையும் சேர்த்தால் பதினேழு டன் ஆகிறது. ஆர்.ஸி. புத்தகத்தில் மொத்தமே பன்னிரண்டு டன்தான் போட்டிருந்தது.

மேஸ்திரி தரையில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டார். பத்தடிக்கு ஓரடி உயரும் மேட்டில், எடையில் பத்தில் ஒரு பங்கைத் தூக்கி இழுத்தாக வேண்டும். பதினேழு டன்னுக்கு 1,700 கிலோ. பன்னிரண்டு டன்னுக்கு 1,200 கிலோ. "ஐந்நூறு கிலோ மிச்சம்! எந்த நாசில், எந்த டர்போ இதைச் சும்மா கொடுக்கும்?"

"நடைக்கு வருமானம் குறையுமே, மேஸ்திரி."

"குறையும். டயரும் ஸ்பிரிங்கும் கிளச்சும் தின்கிற காசும் குறையும். எழுதி வைத்துப் பார். அதுவும் வேண்டாம், அந்தப் பையனுடைய கையை எந்தக் கணக்கில் எழுதுவாய்?"

லாரிக்காரர் பதில் பேசவில்லை. கிளீனர் பையன் கொஞ்ச தூரத்தில் ஏர் கிளீனரைக் கழுவிக் கொண்டிருந்தான். இரண்டு கையாலும்.

நாலாம் நாள் குவாரிக்கு நானும் போனேன். ஒன்றே முக்கால் யூனிட் ஜல்லியுடன், கீழேயே முதல் கியரைப் போட்டு, வழியில் கியர் மாற்றாமல், லாரி நிதானமாக ஏறியது. வானத்தில் கறுப்புக் கோடு விழவில்லை. பையன் கையில் கல்லை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தான். மேலே வந்ததும் அந்தக் கல்லைப் பள்ளத்தில் வீசி எறிந்துவிட்டுச் சிரித்தான்.

"எறியாதேடா, அது வண்டியிலேயே இருக்கட்டும்!" என்று மேஸ்திரி அதட்டினார். பையன் இறங்கிப் போய் எடுத்து வந்தான்.

நகை அடகுக்குப் போகவில்லை. லாரிக்காரர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். டீசல், டயர், நடை, கூலி எல்லாம் அதில் ஏறுகிறது. கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு நிற்கக்கூடாது என்றும் எங்கள் ஊர்க் கல்வெட்டில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் சொன்னது லாரிக்கும் பொருந்துகிறது, பாருங்கள்!

என் சுற்றுச்சுவரா? ஜல்லி வந்து விட்டது. இப்போது கொத்தனாரைக் காணோம்!