டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

டெல்லியில் எங்கள் மையத்துக்குப் படிக்க வரும் அக்கா ஒருவர். அவருடைய கணவர் கொல்கத்தாவில் கட்டட வேலை செய்தார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. அக்கா உடனே போக வேண்டும். கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்தார்.

ரயிலில் போனால் என்ன? டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் ரயில் பாதை சுமார் 1,450 கிலோமீட்டர். வேகமாகப் போகும் ராஜதானி வண்டிக்கே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும்.

விமானத்துக்கு ஆறும் மலையும் தடையில்லை. ஏறக்குறைய நேராகப் பறக்கும். நேர்க்கோட்டில் அளந்தால் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர்தான்.

விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அப்படியானால் ஒன்றரை மணி நேரம் போதுமே! ஆனால் டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஏன்? விமானம் தரையில் மெதுவாக ஓட வேண்டும். மேலே ஏற வேண்டும். கீழே இறங்க வேண்டும். அந்த நேரமும் அதில் சேரும்.

காற்றும் கணக்கில் உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். கொல்கத்தா டெல்லிக்குக் கிழக்கே இருக்கிறது. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்க்கும். ஆற்றோடு போகும் படகு வேகமாகப் போகும் அல்லவா? அதுபோலத்தான். எனவே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது.

இரண்டு மணி நேரம் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். விமானம் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். அடையாள அட்டை கையில் வேண்டும். வீட்டிலிருந்து போகும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அக்காவுக்கு என்ன ஆயிற்று?

டிக்கெட்டில் '12-ஆம் தேதி, 00:40' என்று இருந்தது. 12-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நிலையத்தில், "அந்த விமானம் நேற்று இரவே போய்விட்டதே" என்றார்கள். பணம் போயிற்று. மறுநாள் ரயில் ஏறி, 14-ஆம் தேதிதான் கணவர் முகத்தைப் பார்த்தார். அந்த டிக்கெட்டைப் படித்துச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் அது தெரியவில்லை.

நாம் விடிந்தால்தான் மறுநாள் என்கிறோம். கடிகாரக் கணக்கில் நடு இரவு 12 மணிக்கே தேதி மாறிவிடும். 00:40 என்றால் நடு இரவு தாண்டி 40 நிமிடம். அதாவது, 11-ஆம் தேதி இரவு 10.40-க்கே அவர் நிலையத்தில் இருந்திருக்க வேண்டும்.

பகல் 12-க்குப் பிறகு 13, 14, 15 என்று எண்ணுவார்கள். அதில் 12-ஐக் கழியுங்கள். 14:30 என்றால் பிற்பகல் 2.30.

இன்று அக்கா மையத்தில் மற்றவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறார்.

நீங்களும் போட்டுப் பாருங்கள்:

1. 21:15 என்றால் மணி என்ன?
2. டிக்கெட்டில் '20-ஆம் தேதி, 00:15' என்று இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும்?