இழந்த தொடை எலும்பு மீண்டும் உருவாவது எப்படி?

கோலார் தங்கவயலில், 2001-இல் மூடப்பட்ட சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றதால், பெரும் அழுத்தத்தில் இறுகிக் கிடந்த பாறை திடீரெனச் சிதறும் 'பாறை வெடிப்பு' தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தது. பாறை நசுக்கும் இத்தகைய காயங்களில் தொடை எலும்பின் ஒரு பகுதியே சிதைந்து அகற்றப்பட நேர்வதுண்டு.

முறிந்த எலும்பு தானாகவே கூடக்கூடியது; ஆனால் இடைவெளி பல சென்டிமீட்டராக விரிந்தால், எலும்பு வளர்ந்து சேர்வதற்குள் நார்த்திசு அங்கே நிரம்பிவிடுகிறது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு ஒட்டு, உயிரணுக்களையும் வளர்ச்சித் தூண்டிகளையும் தாங்குசட்டத்தையும் ஒருங்கே தருகிறது என்றாலும், 5 சென்டிமீட்டரைத் தாண்டிய இடைவெளியில் குருதி ஓட்டம் எட்டாமல் அது கரைந்துபோகலாம்.

இச்சிக்கலுக்குப் பிரான்சு நாட்டு மருத்துவர் மாஸ்குலே கண்ட வழி வியப்புக்குரியது. இறந்த திசுக்களை முற்றிலும் நீக்கி, இடைவெளியில் எலும்பு சிமெண்ட்டை நிரப்பிவைத்தால், 6 முதல் 8 வாரங்களில் உடல் அதைச் சுற்றிக் குருதிக்குழாய் நிறைந்த சவ்வொன்றை வளர்க்கிறது; பின்னர் சிமெண்ட்டை எடுத்துவிட்டு, அச்சவ்வுப் பைக்குள் ஒட்டை நிரப்புகின்றனர். கணைக்காலின் மெல்லிய வெளியெலும்பைக் குருதிக்குழாய்களுடன் எடுத்துப் பொருத்துவது மற்றொரு வழி; தொடைக்கு அது மெலிது என்பதால், சில வேளைகளில் இரண்டாக மடித்து வைக்கப்படுகிறது.

எம்முறையாயினும், கிருமித்தொற்று எஞ்சியிருந்தால் ஒட்டு நிலைக்காது. புகைப்பழக்கமும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதால், அறுவைக்கு முன்பே அதை விட்டுவிடுவது அவசியம்.