அச்சகத்துக்குப் போன கோப்பு திரும்பி வருமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பின்னாலேயே தை முகூர்த்தங்கள். இந்த அவசரத்தில்தான், வீட்டுக் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ் டிடிபி சென்டரில் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் மாறிப்போகிறது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு யூனிகோடு என்ற பொதுக் குறியீடு தெரியாது. இன்றும் அதை விடாத அச்சகங்கள் உண்டு. இன்டிசைனுக்கு யூனிகோடு தெரியும். ஆனால் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்வு செய்யாவிட்டால் ‘செல்வி’ என்ற பெயரில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்போ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமாகத் திறக்கும். ‘அம்மா’ அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

ஆகவே வேர்டு கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். பிடிஎஃப் ஆக்குங்கள். அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ஃபான்ட்ஸ்’ பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு எழுத்துருவின் பெயரோடும் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். ஒன்றில் விடுபட்டிருந்தாலும் அனுப்பக் கூடாது. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் போன்ற ஒரு பக்க வேலைக்குக் கோரல் டிராவில் ‘கன்வெர்ட் டு கர்வ்ஸ்’ கொடுத்தால் போதும். எதுவானாலும் பிளேட் போடுமுன் காகிதத்தில் ப்ரூஃப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் அச்சு சுத்தமாக வந்துவிடும். என் கவலை அதற்கு அப்புறம்தான். கர்வ்ஸ் ஆக்கிய எழுத்து வெறும் கோட்டுப் படம். அதில் தேட முடியாது, திருத்த முடியாது. பத்திரிகைக்கு அது போதும். புத்தகத்துக்கு?

எழுத்தாளர் யூனிகோடில் கொடுக்கிறார். அச்சகம் தன் வசதிக்குப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்கிறது. மெய்ப்புத் திருத்தம் முழுக்க அந்தக் கோப்பில்தான் ஏறுகிறது. புத்தகம் வந்தபின் எழுத்தாளரிடம் மிஞ்சுவது திருத்தப்படாத முதல் படி. திருத்திய படி அச்சகத்தின் ஹார்டு டிஸ்கில். அது பழுதானால் இரண்டாம் பதிப்புக்கு மறுபடி தட்டச்சு, மறுபடி மெய்ப்பு. கோப்பு கிடைத்துவிட்டாலும் நிம்மதியில்லை. யூனிகோடுக்கு மாற்றும்போது ‘ஔ’ என்ற ஓரெழுத்து, ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்துவிடுவதுண்டு. பார்வைக்குச் சரியாகவே இருக்கும், தேடினால் ஔவையார் அகப்பட மாட்டார். எழுத்துருக்களுக்கும் ஆயுள் உண்டு. இன்டிசைனின் 2023 பதிப்பிலிருந்து டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்கள் வேலை செய்வதில்லை. அவற்றை நம்பிச் செய்த பக்கங்கள் பழைய கணினிகளை நம்பித்தான் இருக்கின்றன.

பழைய எழுத்துருக்களில் கை வேகமாக ஓடும், வடிவமும் அழகு என்று டிடிபி செய்பவர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும், அந்த அழகைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக ஏற்றது 2010-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் புதிய புத்தகங்களைப் பழைய குறியீட்டுக்குள் பூட்டிவைப்பது, அடுத்த தலைமுறை வாசகருக்கு நாம் செய்யும் துரோகம்.

தாள், அட்டை, பைண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசுகிறோம். கோப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: அச்சுக்குப் போன பிடிஎஃப், எழுத்துருக்களோடு ‘பேக்கேஜ்’ செய்த வடிவமைப்புக் கோப்பு, எல்லாத் திருத்தமும் ஏறிய யூனிகோடு பிரதி. மூன்றும் கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.