ஒத்தியங்காத் தரவோடைகளின் இணைப்பு: வீராணம் நீர்மட்டத்தை முன்வைத்து

எதிர்வினை நிரலாக்கத்தில் தரவு, கேட்டுப் பெறப்படுவதன்று. தோன்றும்போது தானே வந்து சேர்வது. ஆகவே வேகம் வேறுபட்ட ஓடைகளை இணைக்கையில், எந்த அளவு எதனுடன் சேர வேண்டும் என்னும் வினா எழுகிறது.

சிதம்பரத்திற்கு மேற்கேயுள்ள வீராணம் ஏரியின் முழுக் கொள்மட்டம் 47.5 அடி. அதன் நீர்மட்டத்தை ஓர் உணரி 15 நிமிடத்திற்கு ஒருமுறை அனுப்புவதாகவும், கடலூர், அண்ணாமலைநகர் மழையளவுகள் நாள்தோறும் காலை 8.30க்கு வருவதாகவும் கொள்ளலாம். 'ஜிப்' என்னும் செயற்குறி வரிசை எண்ணைக் கொண்டே இணை சேர்க்கும். அனைத்தும் ஒரே காலை 8.30க்குத் தொடங்கினால், பதினோராம் நாள் மழையளவு முதல்நாள் 11 மணிக்குரிய நீர்மட்டத்துடன் இணையும். எஞ்சிய நீர்மட்ட அளவுகள் நினைவகத்தில் தேங்கும். இத்தேவைக்கு அது சற்றும் பொருந்தாது.

'கம்பைன்லேட்டஸ்ட்' ஒவ்வோர் ஓடையின் அண்மைய மதிப்பையும் வைத்துக்கொண்டு, எதில் புதியது வந்தாலும் தொகுப்பை வெளியிடும். எல்லா ஓடைகளிலும் ஒரு மதிப்பேனும் வரும்வரை அது எதையும் வெளியிடாது என்பது சிறு குறை. பெருங்குறை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரைகடந்த தானே புயல் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் குலைத்தது. அத்தகைய நாளில் உணரி நின்றுபோனால், பழைய நீர்மட்டமே புதிய மழையளவுடன் சேர்ந்து புதிய செய்திபோல் வெளிவரும். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே ஏரிக்கு நீர் வந்துகொண்டிருக்கும் வேளையில் இம்மயக்கம் ஆபத்தானது.

எனவே ஒவ்வொரு மதிப்பும் அளக்கப்பட்ட நேரத்தைத் தாங்கி வருதல் வேண்டும். அதுவும் போதாது. எவ்வோடையிலும் எதுவும் வராதபோது சரிபார்ப்பும் நிகழாதாகையால், கடிகாரத் துடிப்பையும் ஓர் ஓடையாகச் சேர்த்து, அரைமணி நேரம் கடந்த நீர்மட்டத்தை 'அறியப்படாதது' எனக் குறித்தல் தகும். மழையளவுக்கு அவ்வெல்லை ஒரு நாளுக்குச் சற்று மேலாக அமையும்.